தெய்வசிகாமணி போடாத கையெழுத்து

என் மகன் இளம்பரிதி லாரியில் அடிபட்டுச் செத்த நாள் எனக்கு ஞாபகம் இல்லை. விபத்து வழக்கு என்றால் இப்போதெல்லாம் அந்த ஒரு நாளின் ஞாபகத்தை அப்படியே எடுத்து வக்கீலிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தீர்ப்பு வந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள்.

வக்கீல் தெய்வசிகாமணி மூன்று வாய்தாவுக்கு வரவேயில்லை. அவரை மாற்றிவிட்டு ரெஜினா மேடத்திடம் போனேன். பழைய வக்கீல் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட்டால்தான் கேஸ் கட்டு புது வக்கீல் கைக்குப் போகும். ஃபீஸில் யாருக்கு எவ்வளவு என்று இரண்டு பேரும் ஒன்றரை வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் ஞாபகம் அந்தக் கட்டுக்குள் கிடக்கிறது.

நேற்று கோர்ட் வாசலில் தெய்வசிகாமணியை மறித்தேன்.

"கட்டை நீங்களே வச்சுக்கங்க சார். அன்னைக்குக் காலைல கிளம்பும்போது எம்புள்ள எங்கிட்ட என்ன சொன்னான்? அதை மட்டும் சொல்லிடுங்க."

"கட்டுல இருக்கறதை வெளிய சொல்லக் கூடாதும்மா." கறுப்புக் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாதத்துக்காக இருபது தடவை பார்த்திருப்பேன். ரெண்டு நாள் எனக்குச் சோறே இறங்கலை. எப்பேர்ப்பட்ட புள்ள!"

அழுவதற்கு எனக்கு அந்த நாள் இல்லை. அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்போ கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பாதிக்குக் குறைஞ்சா முடியாதுன்னு ரெஜினாகிட்ட சொல்லிடுங்கம்மா."