பச்சை இலை

அரிவாள் ஆய்வக மேசையில் இறங்கியது. கண்ணாடிக் குழாய்கள் சிதறி, பெண் ஆய்வாளரின் கன்னத்தில் ரத்தம் வழிந்தது. கோபம் தலைக்கேறியவருக்கு மேசையும் ஒன்றுதான், மனிதக் கழுத்தும் ஒன்றுதான்.

"என் வயித்துல அடிச்சிட்டியே! நீ எழுதின ஒரு காகிதத்தால என் முந்நூறு ஆரஞ்சு மரத்தையும் அதிகாரிங்க நேத்து வெட்டிச் சாய்ச்சுட்டாங்க!" தோட்டக்காரர் அவள் தலைமுடியைப் பற்றி, கழுத்தில் அரிவாளை வைத்தார்.

"நீங்க அனுப்பின இலையில மரத்துக்கு மரம் பரவுற நோய் பாக்டீரியா இருந்துச்சு ஐயா. அந்தக் கிருமியை மட்டும் பிடிக்கிற மாதிரி நாங்க ஜீன்களை இணைச்சு உருவாக்கின ஆன்டிபாடி அதைக் காட்டிக் கொடுத்துச்சு."

"பொய்! ஒரு புள்ளிகூட இல்லாத பச்சைப் பசேல் இலைடி அது!"

"நோய் வந்தாலும் இலை ரொம்ப நாள் பச்சையாத்தான் இருக்கும். ஆனா வெட்டின உங்க மரமெல்லாம் மஞ்சளா கிடந்துச்சு. சந்தேகப்பட்டு அதையும் இன்னிக்குச் சோதிச்சேன். வெறும் சத்துக் குறைவு. ஒண்ணுலகூட நோய் இல்ல."

அரிவாள் அவள் கழுத்திலிருந்து நழுவியது.

"அப்போ நீங்க அனுப்பினது யார் மரத்து இலை?"

தோட்டக்காரர் தரையில் உட்கார்ந்தார்.

"மஞ்சளைப் பார்த்தா வெட்டிருவீங்கன்னு பயந்து, வேலி தாண்டி எங்க அண்ணன் மரத்துல பறிச்சேன்."