நீலவேணி ஸ்டேஷன்

சமையலறைச் சாக்கடை வழியாகப் பெருச்சாளி ஏறி வருகிறது, ஒரு கம்பிவலை அடியுங்கள் என்று சொல்லிச் சொல்லி ரூபாவதிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். புருஷன் தனசேகர் "பாக்கலாம்" என்பதோடு சரி. அதே பெருச்சாளி, அவன் தோட்டத்தில் போட்டிருந்த பொம்மை ரயிலின் தண்டவாளத்துக்கு அடியில் வளை பறித்த அன்றே வலை வந்துவிட்டது. அவள் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்ய ஒருநாளும் குனியாதவன், தண்டவாளத்தைச் சுற்றி மண்டிபோட்டு வலையடித்தான்.

நடுவில் சாண் உயரத்துக்கு ஒரு ஸ்டேஷன். பெயர்ப் பலகையில் 'நீலவேணி'.

"யாரு அது?"

"வடக்க ஒரு ஊருடி."

அன்று சாயங்காலம் அவள் வலையின் ஓரத்தைத் தூக்கி, ஸ்டேஷனுக்கு அடியில் கருவாட்டுத் தலைகளைப் புதைத்துவைத்தாள்.

விடிந்து பார்த்தால் தண்டவாளம் கோணிக் கிடந்தது. ஸ்டேஷன் பெருச்சாளி பறித்த குழிக்குள் சாய்ந்திருந்தது. தனசேகர் பலகையை எடுத்து வேட்டி நுனியால் மெல்லத் துடைத்தான்.

"ஐயோ, விழுந்துட்டாளே."

"ஊருன்னா விழுந்துருச்சுன்னுல்ல சொல்லணும்?"

அவன் நிமிரவில்லை. "வலையப் பிடி ரூபா, இறுக்கிக் கட்டிருவோம்."

ரூபாவதி உள்ளே போனாள். மிச்சமிருந்த கருவாட்டைச் சட்டியோடு தூக்கிவந்து, அவன் கண்ணெதிரிலேயே குழிக்குள் கொட்டினாள்.