முதலில் பூனை

பழைய வீடு எரிந்த அன்று, அடுப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருந்த வீட்டுத் தெய்வமான காவல் தாத்தாவை எங்களோடு வரும்படி கூப்பிட மறந்துவிட்டோம். கூப்பிடாமல் அவர் புது வீட்டுக்கு வரமாட்டார். அவர் இல்லாத வீடு நிலைக்காது.

கோடை முழுக்க மரக்கட்டைகளை அடுக்கிப் புது வீட்டுச் சுவர் எழுப்பி, குளிர்காற்று புகாதிருக்க இடுக்குகளில் பாசி திணித்தோம். மறுநாளே பாசி தரையில் கிடக்கும்.

"அன்னைக்கு அவரைக் கூப்பிட முடியாம உன் வாயிலயும் பாசியா அடைச்சிருந்துச்சு?" என்று கணவர் யெஃபிமைத் திட்டுவேன்.

குடிபுகும் நாளில், வழக்கப்படி பூனையை முதலில் உள்ளே விட்டோம். வீட்டுக்குள் இன்னும் சாமான் எதுவும் வரவில்லை. அடுப்பருகே பூனை தாவி, முழங்கால் உயரத்தில், வெறும் காற்றில் சுருண்டு படுத்தது.

யெஃபிம் தொப்பியைக் கழற்றினார். "கூப்பிடாமலே வந்துட்டாரு."

"அப்பாடா! கதவைச் சாத்து, அவருக்குக் குளிரும்."

பூனையின் முதுகுமுடி கழுத்திலிருந்து வால்வரை மெல்ல அமுங்கிக்கொண்டே போனது.