தேசிக்காயும் சேவலும்

“ஹாசிம் அறுத்த கோழி இந்த ஊட்டு வாசப்படி ஏறப்படாது!”

லாபிர் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த காகம் எழும்பிப் பறந்தது.

பகல் சாப்பாட்டுக்கு எத்தாளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மகள் றிஸ்னாவைக் கேட்டு வந்த முதல் நல்ல இடம். மனைவி ஸுல்பிகா துருவிய தேங்காயும் கையுமாக நின்றாள்.

“இந்த நேரத்துல ஹாசிம் நாநா என்ன குத்தம் செஞ்சிட்டாரு?”

“கோழிக்கட வாசல்ல தேசிக்காயும் கொச்சிக்காயும் கோத்துத் தொங்க உட்டிரிக்காரு. கண்ணூறு படாதாம்! அது ஈமான முறிக்கிற காரியம். ஈமான் முறிஞ்சவன் அறுத்தா எப்பிடி ஹலாலாகும்?”

ஸுல்பிகாவுக்கு இது புதிதில்லை. இறைநம்பிக்கையான ஈமானை முறிக்கும் காரியங்கள் பற்றி போனில் ஒரு மௌலவியின் பயான் உரையைக் கேட்ட நாளிலிருந்து மனிசன் இப்படித்தான். பிள்ளையின் கையில் கறுப்பு நூல் கட்டியதற்குச் சொந்தத் தங்கச்சியைத் தள்ளி வைத்தார். பூனை குறுக்கே போனதென்று கடலுக்குப் போகாமல் திரும்பி வந்த பக்கத்து வீட்டு சுஹைரைத் தள்ளி வைத்தார். இப்படியே போனால் நாளைக்கு இவருடைய ஜனாஸாவைத் தூக்கக் கரைத்தீவில் ஆள் மிஞ்சாது.

“அப்ப நம்மட சேவல நீங்களே அறுங்க. உங்கட ஈமான் முழுசாத்தானே இரிக்கி?”

லாபிர் சேவலைத் திரும்பிப் பார்த்தார். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் ஆட்டின் காலைப் பிடிக்கப் போய், ஆட்டுக்கு முன்னால் தானே மயங்கிச் சாய்ந்தவர் அவர். ஆனால் விட்ட சவடாலைத் திரும்ப விழுங்க முடியுமா?

கத்தியும் சேவலுமாகப் பின்வளவுக்குப் போனார். கிப்லாப் பக்கம் திருப்பிப் பிடித்தார். பிஸ்மி சொன்னார். சேவல் ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்தது. அவர் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

திறந்தபோது சேவல் முருங்கை மரத்தில் இருந்தது.

“எறங்கு வாப்பா, விருந்தாளி வாறாங்க” என்று கெஞ்சியும் பார்த்தார். அது கேட்குமா?

“அறுத்தாச்சா?” குசினியிலிருந்து ஸுல்பிகா.

“ஆச்சு, ஆச்சு! உரிச்சு வெட்டியே கொண்டாறன். நீ தேங்காயப் புழி!”

வேலிப் பொட்டுக்குள்ளால் நழுவியவர், தேசிக்காய் தொங்குகிற அதே வாசலில்தான் போய் நின்றார்.

“ஹாசிம் நாநா... ஒரு கோழி. கறிக்கு வெட்டித் தாங்க. யாருக்கும் சொல்லப்படாது.”

லாபிர் சந்தியில் நின்று தன்னைப் பற்றிக் கதைத்ததெல்லாம் ஹாசிமின் காதுக்கு வராமலா இருக்கும்? ஆனாலும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நல்ல கோழியாகப் பார்த்து அறுத்து, வெட்டி, ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கொடுத்தார். லாபிரின் கண் மேலே தேசிக்காய்ப் பக்கம் போனதும் சிரித்துவிட்டார்.

“கட்டினது எண்ட பொஞ்சாதி, தம்பி. கழட்டினா நான் ஊட்டுல நிக்கேலா.”

பகலானது. விருந்தாளிகளை வரவேற்க வாசலுக்கு ஓடிய லாபிர் அப்படியே நின்றார். மாப்பிள்ளையின் வாப்பா செய்னுலாப்தீனுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக ஹாசிம்!

“இவர் எண்ட சகலன்” என்றார் செய்னுலாப்தீன். “எங்கட பொஞ்சாதிமார் கூடப்பொறந்தவங்க. இவரில்லாம நான் ஒரு நல்ல காரியமும் பேசுறல்ல.”

மூன்று பேரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். லாபிர் ஹாசிமின் முகத்தைப் பார்க்காமலே சோற்றைப் பிசைந்தார்.

“கறி அந்த மாதிரி ருசி!” என்றார் செய்னுலாப்தீன். “ஹலால் ஹராம்ல நீங்க கடும் பேணுதலாமே. கோழி எங்க அறுத்த?”

“எங்கட சேவல்தான். இவரே அறுத்தாரு” என்று திரைக்குப் பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னாள் ஸுல்பிகா.

“ஓம்” என்றார் லாபிர், சோற்றைப் பார்த்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து முருங்கை மரத்தில் ‘கொக்கரக்கோ!’

கூவிய கையோடு சேவல் இறங்கி, வாசலால் உள்ளே வந்து, சஹனை ஒரு சுற்றுச் சுற்றியது. செய்னுலாப்தீனின் கை பாதியில் நின்றது.

“இது யாருட சேவல்?”

பொய் சொல்லுகிற வீட்டில் யார் சம்பந்தம் வைப்பார்கள்? மகளின் கல்யாணம் இந்தக் கொண்டையோடு போகப் போகிறதே, யா அல்லாஹ்!

ஹாசிம் எழும்பி ஒரே பிடியில் சேவலைப் பிடித்தார்.

“அட, இஞ்சயா வந்து நிக்கிறாய்? இது எண்ட கடைச் சேவல். காலயில கயித்த அறுத்துக்கிட்டு ஓடினது.”

செய்னுலாப்தீன் சிரித்தார். மறுபடியும் கறி கேட்டார். தேத்தண்ணி வருமுன்னே நிக்காஹ்வுக்கு நாளும் குறித்தாயிற்று.

விடைபெறும்போது லாபிர் ஹாசிமின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே, நாநா.”

“பாவந்தான் தம்பி” என்றார் ஹாசிம், சேவலைக் கக்கத்தில் இடுக்கியபடி. “பொய் சொன்னா ஈமான் முறியுமா எண்டு மட்டும் அந்தப் பயானக் கேட்டுச் சொல்லுங்க. முறியுமெண்டா, ரெண்டு பேரும் ஒண்டாப் போய்த் திரும்பக் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வருவம்.”