இருபது பேர், இருபது ஃபில்டர்

"போட்டோ வந்துருச்சாம்மா? எம் பேரு தெரியுதா?"

சங்கத் தலைவர் அழகுசுந்தரம் மூன்றாவது தடவையாகக் கேட்டார். மரிய அனிதா கைப்பேசியைப் பார்த்தபடி, "இன்னும் வரலய்யா" என்றாள்.

காரைக்குடிச் சேவைச் சங்கக் கூடத்தில் அன்று இருபது பேரும் ஆஜர். மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர் ஃபில்டர் கொடுத்தவர்கள். தொண்டராகப் போய் வந்தவள் அனிதா. குட்டைத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்த பிள்ளைகளை நேரில் பார்த்தவளும் அவள்தான். அந்த ஊரில் ஐம்பது வீடு. போட்டோவைப் பார்த்து மனசு நிறைந்தால் மிச்சம் முப்பது வீட்டுக்கும் கொடுப்பது என்று சங்கம் தீர்மானம் போட்டிருந்தது.

ஃபில்டர்களை அவளே கையோடு கொண்டுபோயிருக்க வேண்டியது. பேர் வெட்டியதில் தாமதமாகிவிட்டது. கரண்டி கொடுத்தாலும் பேர் வெட்டிக் கொடுக்கிற ஊர் இது. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாதே என்று இங்கிலீஷில் வெட்டச் சொன்னார்கள். தலைவருக்கு இனிஷியலே மூன்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானசேகர் பட்டங்களையும் சேர்க்கச் சொன்னார். ஜவுளிக்கடை சம்சுதீன் பேரில் ஓரெழுத்து விட்டுப்போய், திரும்ப வெட்டினார்கள்.

"பேரில்லாமயே அனுப்பிரலாமேய்யா" என்று அனிதா அப்போதே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கூடம் பார்த்த பார்வையில், தான்தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று அடங்கிப்போனாள். கடைசியில் பேர் வெட்டாத ஒன்றை மட்டும் மாதிரிக்கு எடுத்துக்கொண்டு விமானம் ஏறி, கழற்றவும் கழுவவும் மாட்டவும் அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பினாள். பேர் வெட்டிய இருபதும் பின்னால் கப்பலில் போயின. பெட்டி வந்து சேர்ந்ததாக அங்குள்ள டீச்சர் கிரேஸ் போன மாதம் ஒருவரி அனுப்பியிருந்தாள். சிக்னல் கிடைப்பதே அபூர்வமான ஊர். பெட்டியில் வந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று அனிதா அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கைப்பேசி அதிர்ந்தது. வந்த படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள்.

பள்ளிக்கூட அறை. மேசைமேல் இருபது ஃபில்டரும் வரிசையாக நின்றன. வெட்டிய பேர் இருபதும் தெளிவாகத் தெரிந்தன. தலைவர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த தன் பேரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

வீட்டில் இருக்கவேண்டியது பள்ளிக்கூடத்தில் ஏன் இருக்கிறது என்று அனிதாவுக்கு உறுத்தியது. போட்டோவுக்காகக் கொண்டுவந்து அடுக்கியிருப்பார்கள் என்றார் ஞானசேகர். அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

"ஒரு மாசம் பொழங்குன சாமான், ஒரு கீறல் இருக்கா பாருங்க" என்றார் சம்சுதீன். "நம்ம வீட்ல நாலே நாள்ல சொட்டையாக்கிருவாக."

"கொடுத்தவுக பேரு மேல உள்ள மரியாதை, வேறென்ன" என்றார் தலைவர்.

மிச்சம் முப்பது வீட்டுக்கும் கொடுப்பது கைதட்டலில் முடிவானது. இந்தத் தடவை எழுத்து இன்னும் பெரிதாக இருக்கவேண்டும், மூடியிலும் வெட்டவேண்டும் என்று முடிவானது. வெட்டிக்கொள்ளட்டும், ஐம்பது வீட்டுக்கும் நல்ல தண்ணீர் என்று அனிதாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

படத்துக்குப் பின்னாலேயே கிரேஸின் கடிதமும் வந்து விழுந்தது.

"நன்றி சொல்லியிருப்பாக. தமிழ்ல சத்தமா வாசிம்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் தலைவர்.

அனிதா எழுந்து நின்று வாசித்தாள்.

"அன்புள்ள அனிதா, நீ சொல்லிக்கொடுத்தது எதையும் பெண்கள் மறக்கவில்லை. இன்னும் குட்டைத் தண்ணீர்தான். எங்களுக்கான ஃபில்டர்கள் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறார்கள். வேறு யாரோ இருபது பேருடையது இங்கே மாறி வந்துவிட்டது. பேர் போட்ட சாமான் என்பதால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல் பூட்டி வைத்திருக்கிறோம். அந்த இருபது பேரை உனக்குத் தெரிந்தால், சீக்கிரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்."