கார்ட்டூன் பூனையின் மீசை

பழைய கார்ட்டூன் படச்சுருளைக் கம்ப்யூட்டர் சுத்தம் செய்தது. முதல் காட்சி முடிந்ததும் படத்திலிருந்த பூனை முகத்தைத் தடவிப் பார்த்து அலறியது.

"அடப்பாவி, என் மீசை எங்கே?"

"கீறல் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்."

"என் குர்குர் சத்தம்?"

"இரைச்சல் என்று அதையும் எடுத்துவிட்டேன். எவ்வளவு பளிச்சென்று இருக்கிறாய், பார்!"

"உரித்த முட்டை மாதிரி இருக்கிறேன். அடுத்த காட்சியில் எலி என்னை மதிக்குமா? திருப்பிக் கொடு!"

கம்ப்யூட்டர் வெட்கத்தோடு இரண்டையும் திருப்பிக் கொடுத்தது. "ஒரு முடி மட்டும் கோணலாக இருக்கிறதே, நேராக்கட்டுமா?"

"தொடாதே! என்னை வரைந்தவள் இந்த முடியை வரையும் நேரம் பார்த்துத் தும்மினாள். அவள் போய்விட்டாள், அந்தத் தும்மல் என்னிடம்தான் இருக்கிறது."

கோணல் முடியை முறுக்கிவிட்டுக்கொண்டு, குர்குர் என்றபடி, பூனை எலியின் மேல் பாய்ந்தது.