ப்ரியாவைக் கூப்பிடுங்க

"அந்தப் புள்ளையக் கூப்பிடும்வே!"

முதலாளி வைரவன் அண்ணாச்சி சொன்னதும் கருணாகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தி.நகர் ஜவுளிக்கடையின் மாடியில் ஆபீஸ். அங்கே லினக்ஸ் சர்வர் வாங்கி வைத்து, ஒயர் இழுத்து, ஓடவிட்டது அவர். ஷண்முகப்ரியா நேற்று வந்தவள். ஆனால் எதற்கெடுத்தாலும் ப்ரியா, ப்ரியா!

காலையிலிருந்தே தகராறு. அசோக் நகர் குடோன் கம்ப்யூட்டரில் இருக்கும் பொது ஃபோல்டர், இங்கே சர்வரில் மவுண்ட் ஆக, அதாவது சர்வரின் ஃபோல்டரோடு இணைய, மாட்டேன் என்றது. எத்தனை தடவை இணைத்தாலும் 'அனுமதி இல்லை' என்றே பதில். கருணாகரன் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். சர்வரை அணைத்துப் போட்டார். ம்ஹூம்.

ப்ரியா வந்து நின்றதும் அண்ணாச்சி அவள் எதிரிலேயே சொல்லிவிட்டார்.

"இந்தப் புள்ள சரி பண்ணிட்டான்னா இனிமே சர்வர் பொறுப்பு இவளுக்குத்தான். நீரு கீழ பில் கவுண்டருக்குப் போயிரும், கருணா."

ப்ரியா உட்கார்ந்து பார்த்தாள். "குடோன்ல பாஸ்வேர்டை மாத்திட்டாங்க போல, சார். நம்ம சர்வர்ல பழசே இருக்கு."

குடோனுக்கு ஒரு போன். புது பாஸ்வேர்ட். மவுண்ட் ஆகிவிட்டது.

"பார்த்தீரா!" என்றார் அண்ணாச்சி.

கருணாகரன் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். பாஸ்வேர்ட்! இது எனக்குத் தோன்றாமல் போச்சே!

அப்போதுதான் போட்டோ எடுக்கும் ரத்னா ஓடிவந்தாள்.

"இன்னா சார் இது! காலைல பொது ஃபோல்டர் காலியா இருந்துச்சு. அதுலதான் பட்டுப்புடவை போட்டோ எல்லாம் போட்டேன். இப்ப பார்த்தா ஒண்ணு கூட காணோம்!"

"கேமராவுல இருக்குல்லா?"

"கார்டை அழிச்சிட்டேன் அண்ணாச்சி. புடவையும் பேக் பண்ணி அனுப்பியாச்சு."

சாயங்காலம் வெப்சைட்டில் ஏற வேண்டிய கல்யாண சீசன் புடவைகள். அண்ணாச்சியின் முகம் சிவந்தது. ப்ரியா பக்கம் திரும்பினார்.

"நீ கை வச்ச பிறகுதானே காணாமப் போச்சு? வேலை தெரிஞ்சவன்னு நம்பினேன் பாரு!"

கருணாகரனுக்குக் குளுகுளு என்றிருந்தது.

விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. மவுண்ட் ஆகாத நேரத்தில் ரத்னா போட்டதெல்லாம் சர்வரின் வெறும் ஃபோல்டரில் விழுந்திருக்கிறது. அதன் மேலேயே குடோன் ஃபோல்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. தரையில் கிடக்கும் சாமான் மேல் ஜமக்காளத்தை விரித்த மாதிரி. இணைப்பைக் கழற்றினால் அத்தனையும் அடியில் பத்திரமாக இருக்கும்.

ஆனால் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். அப்புறம் போய்க் காப்பாற்றினால்தானே நம்ம மதிப்பு தெரியும்?

"என்ன பண்ணின? சொல்லு தாயி!"

ப்ரியா கீபோர்டில் ஏதோ தட்டினாள். நிறுத்தினாள். கருணாகரனை ஒரு தடவை பார்த்தாள்.

"எனக்குத் தெரியல அண்ணாச்சி. தப்பு பண்ணிட்டேன். சாருக்குத்தான் தெரியும்" என்று எழுந்துகொண்டாள்.

'மாட்டினாளா!' கருணாகரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு தட்டினார்.

"வந்துருச்சு! எல்லாம் வந்துருச்சு!" ரத்னா கத்தினாள்.

அண்ணாச்சி அவர் தோளில் ஓங்கி அடித்தார். "அனுபவம்னா அனுபவம்தான்வே! சர்வரை நீரே பார்த்துக்கிடும். பில் கவுண்டர் பேச்சை விடும்."

"சூப்பர் சார்" என்றாள் ப்ரியா.

கருணாகரனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவர் தட்டியது என்டர் மட்டும்தான். இணைப்பைக் கழற்றும் கட்டளையை முழுசாக அடித்து வைத்துவிட்டுத்தான் அவள் எழுந்திருந்தாள்.